பழைய பென்டியம் பெட்டிக்கு வேற ப்ராசசர் தேடறீங்களா? அறிகுறிய வெச்சு வழி பிடிங்க

இங்க நான் பேசறது 1997க்கும் 2001க்கும் நடுவுல வந்த இன்டெல் டெஸ்க்டாப்புகளப் பத்தி, அதாவது பென்டியம் டூ, பென்டியம் த்ரீ, அந்தக் காலத்து செலிரான், போர்டுல ப்ராசசர் மாட்டற இடம் ஸ்லாட் 1 (கார்ட்ரிட்ஜ் சொருகறது) இல்லன்னா சாக்கெட் 370 (பின் இருக்கற சிப் உக்காரறது). நம்ம ஊர்ல அசெம்பிள் பண்ணின பெட்டியத் திறந்தா மெர்குரி போர்டு, இல்லன்னா இன்டெலோட 810, 815 சிப்செட் (ப்ராசசரையும் ரேமையும் மத்ததையும் இணைக்கற சிப்) போட்ட போர்டு, இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். அதுக்கு முந்தின தலைமுறையான சாக்கெட் 7 வெச்சிருக்கறவங்களுக்கு கடைசில தனியா எழுதியிருக்கேன், அதோட சங்கதி வேற.

"அதே சாக்கெட், பொருந்துது, அப்போ ஓடும்"னு நெனச்சு ஆன்லைன்ல ப்ராசசர் வாங்கிட்டு அப்புறம் செத்த சரக்கு வந்துடுச்சுன்னு விக்கறவன திட்டறவங்கள நெறைய பாத்துட்டேன். சரக்கு நல்லா தான் இருக்கும். போர்டுகிட்ட மூணு கேள்வி கேக்கணும்: அந்த ப்ராசசருக்கு வேண்டிய வோல்டேஜ் உன்னால குடுக்க முடியுமா, அதுக்கு வேண்டிய பஸ் ஸ்பீடு (ப்ராசசரும் போர்டும் பேசிக்கற வேகம், மெகாஹெர்ட்ஸ்ல) குடுக்க முடியுமா, உன் பயாஸுக்கு (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடற, போர்டு சிப்புல இருக்கற ப்ரோக்ராம்) அத அடையாளம் தெரியுமா. மூணுக்கும் ஆமான்னு வந்தா தான் மெஷின் ஒழுங்கா ஓடும், எதுக்கு இல்லன்னு வருதோ அதுக்குத் தகுந்த மாதிரி அறிகுறி மாறும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி போர்டு மாடலும் ரிவிஷன் நம்பரும் எழுதி வெச்சுக்கோங்க, பெரும்பாலும் பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு நடுவுல அச்சடிச்சிருக்கும். ரிவிஷன் முக்கியம், ஒரே பேர்ல வந்த போர்டுல ஆரம்ப ரிவிஷன் ஒரு ப்ராசசர எடுக்காது, கடைசி ரிவிஷன் எடுக்கும். ஜம்பர் (செட்டிங் மாத்த போர்டு பின்கள்ல மாட்டற குட்டி மூடி) எல்லாத்தையும் ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க. மேனுவல் இல்லன்னா தி ரெட்ரோ வெப்னு பழைய போர்டுகளுக்கான தளம் இருக்கு, அதுல மேனுவலும் பயாஸ் ஃபைலும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பழைய ப்ராசசர் தான் இருக்கு, டிஸ்ப்ளே வரல, சத்தமும் இல்ல

ப்ராசசர் செத்துடுச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. இந்த வயசு மெஷின்ல முதல்ல போறது கெப்பாசிட்டர், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), ரேம் காண்டாக்ட், சிமாஸ் பேட்டரி (பயாஸ் செட்டிங்க ஞாபகம் வெச்சிருக்கற பட்டன் பேட்டரி) இதெல்லாம் தான், ப்ராசசர் ரொம்ப அபூர்வமா தான் சாகும், அதுவும் யாராவது ஹீட்சிங்க் இல்லாம ஓட்டியிருந்தா இல்ல மூலைய உடைச்சிருந்தா.

சுலபமான டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ரேம், கார்டு, ஹார்ட்டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிட்டு போர்டு, ப்ராசசர், எஸ்எம்பிஎஸ், கேபினட் ஸ்பீக்கர் இத மட்டும் வெச்சு ஆன் பண்ணுங்க. ரேம் இல்லன்னு பீப் அடிச்சா உங்க ப்ராசசர் உயிரோட இருக்கு, ஏன்னா அந்த பீப்ப அடிக்கச் சொல்ற பயாஸ் ப்ரோக்ராம ஓட்டறதே ப்ராசசர் தான். அப்புறம் ரேம் காண்டாக்ட எரேசர் வெச்சு தொடைச்சு ஒவ்வொரு ஸ்டிக்கா போட்டுப் பாருங்க. அவார்டு பயாஸ்ல நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தா அதுவும் ரேம் கதை தான். ஏஎம்ஐ பயாஸ்ல அஞ்சு பீப் வந்தா அது ப்ராசசர் பக்கம் கை காட்டுது.

பீப்பே இல்லன்னா ஸ்பீக்கர் வயர் சரியா இருக்கான்னு பாத்துட்டு (சிரிக்காதீங்க, அடிக்கடி நடக்கும்) ப்ராசசர கழட்டி மாட்டுங்க. ஸ்லாட் 1 கார்ட்ரிட்ஜோட விளிம்புல இருக்கற தங்க காண்டாக்டுக்கும் அதே எரேசர் வைத்தியம் தான். அதுக்கும் மசியலன்னா ஒரு பிசிஐ போஸ்ட் கார்டு (பூட் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு நம்பர்ல காட்டற டெஸ்ட் கார்டு) வாங்குங்க, ரிச்சி ஸ்ட்ரீட்லயும் கிடைக்கும் ஆன்லைன்லயும் கிடைக்கும், பெரிய வெலை இல்ல. அதுல நம்பர் ஓடாம 00 இல்ல எஃப்எஃப்லயே நின்னா ப்ராசசர் முதல் கட்டளையே ஓட்டலன்னு எடுத்துக்கலாம். ஆனா அதுக்கு காரணம் ப்ராசசரா, பயாஸ் சிப்பா, வோல்டேஜ் ரெகுலேட்டரான்னு அந்தக் கார்டு சொல்லாது. அங்க மல்டிமீட்டர் எடுங்க, சாக்கெட் பக்கத்துல இருக்கற காயிலோட அவுட்புட் பக்கம் வோல்டேஜ் பாருங்க. ப்ராசசர் 2.0 கேக்குதுன்னா அங்க 2.0 கிட்ட இருக்கணும். சுத்தமா இல்லன்னா ரெகுலேட்டர் எந்திரிக்கவே இல்ல. அதச் சுத்தி இருக்கற கெப்பாசிட்டர்ல ஏதாவது தலை உப்பியிருந்தா, இல்ல அடியில பழுப்பா கசிஞ்சிருந்தா, புது ப்ராசசருக்கு போற காச கெப்பாசிட்டருக்கு போடுங்க. அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் இல்ல கொஞ்சம் கூட, லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை கம்மியான) வகை.

எஸ்எம்பிஎஸ் மாத்திப் பாக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1998லேர்ந்து 2000 வாக்குல வந்த டெல் டெஸ்க்டாப்புகள்ல 20 பின் கனெக்டர் பாக்க சாதாரண ஏடிஎக்ஸ் மாதிரியே இருக்கும், உள்ள வயரிங் வரிசை வேற. கடையில கிடைக்கற எஸ்எம்பிஎஸ்ஸ நேரா சொருகினா போர்டே போயிடும். அந்த மெஷினா இருந்தா மாடல் பாத்து பின்அவுட் சரிபாக்காம எதையும் சொருகாதீங்க.

புது ப்ராசசர் போட்டா ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல, பழச திரும்ப மாட்டினா ஓடுது

நெறைய பேர் வந்து நிக்கற இடம் இது தான், பெரும்பாலும் முதல் கேள்வி, வோல்டேஜ்.

ஸ்லாட் 1லயும் சாக்கெட் 370லயும் ப்ராசசரே சில பின் வழியா "எனக்கு இத்தன வோல்ட் குடு"ன்னு போர்டுகிட்ட கேக்கும். முதல் பென்டியம் டூ, க்ளாமத்துன்னு பேரு, 2.8 வோல்ட் கேக்கும். அடுத்து வந்த டெஷூட்ஸ், முதல் பென்டியம் த்ரீயான காட்மை, மென்டொசினோ செலிரான் எல்லாம் 2.0 ஒட்டி. 1999 அக்டோபர்ல வந்த காப்பர்மைன்லேர்ந்து 1.5, 1.65, 1.75னு கீழ எறங்கிடுச்சு. இப்போ 1998ல செஞ்ச போர்டோட ரெகுலேட்டருக்கு 1.8க்கு கீழ குடுக்கத் தெரியாதுன்னு வைங்க, காப்பர்மைன் வந்து 1.65 கேட்டா அது என்ன பண்ணும்? ஒண்ணுமே குடுக்காது. ஃபேன் சுத்தும், ஸ்க்ரீன் கறுப்பு. ப்ராசசருக்கு ஒரு சேதமும் இல்ல, அது ஒரு நல்லது.

உங்க போர்டு எந்த ரகம்னு கண்டுபிடிக்க ரெகுலேட்டர் சிப்போட நம்பர படிங்க. அந்தக் காலத்து போர்டுகள்ல ஹெச்ஐபி6019னு ஒரு சிப் பாக்கலாம், அது 1.8 வரைக்கும் தான் எறங்கும், அதுவே ஹெச்ஐபி6019பின்னு இருந்தா 1.3 வரைக்கும் எறங்கும். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். பயாஸ் அப்டேட் பண்ணினா இது மாறாது, இது ஹார்டுவேர். அசூஸ் பி2பி மாதிரி பேர்போன 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுல கூட ஆரம்ப ரிவிஷனும் கடைசி ரிவிஷனும் இந்த விஷயத்துல தான் பிரியும்.

ஸ்லாட் 1 போர்டுல சாக்கெட் 370 ப்ராசசர் போட ஸ்லாட்கெட்னு ஒரு அடாப்டர் கார்டு வரும், எம்எஸ்ஐ, அசூஸ், அபிட் எல்லாரும் போட்டாங்க. அதுல வோல்டேஜ் ஜம்பர் இருக்கறத பாத்துட்டு "இதுல 1.65 வெச்சுட்டேனே, இன்னும் ஏன் வரல"ன்னு கேப்பாங்க. அந்த ஜம்பர் வோல்டேஜ உற்பத்தி பண்ணாது சார், ப்ராசசர் கேக்கறதுக்கு பதிலா அது கேக்கும், அவ்வளவு தான், குடுக்க வேண்டியது போர்டு. அதனால 1.8க்கு கீழ எறங்காத போர்டுல ஜம்பர 1.8ல வெச்சு காப்பர்மைன ஓட்டறவங்க இருக்காங்க, ஓடும், சூடு கூடும், ஹீட்சிங்க் நல்லதா போடணும். பவர்லீப் கம்பெனி பிஎல்-ஐபி3/டின்னு ஒண்ணு போட்டாங்க, அதுல சொந்தமா ரெகுலேட்டர் இருக்கும், அதனால போர்டோட தயவு வேண்டாம். இப்போ கிடைச்சா வெலை கண்ணக் கட்டும்.

சாக்கெட் 370ல வோல்டேஜோட இன்னொரு வம்பும் இருக்கு. சாக்கெட் பாக்க ஒண்ணு தான், ஆனா உள்ளுக்குள்ள மூணு தலைமுறை. முதல்ல மென்டொசினோ செலிரான், அப்புறம் காப்பர்மைன், 2001ல டுவாலட்டின். ஒவ்வொரு தடவையும் சில பின்னோட வேலைய மாத்திட்டாங்க, டுவாலட்டின்ல பஸ் சிக்னல் வோல்டேஜே 1.5லேர்ந்து 1.25க்கு எறங்கிடுச்சு. அதனால மென்டொசினோவுக்கு மட்டும் செஞ்ச போர்டுல காப்பர்மைன் எந்திரிக்காது, காப்பர்மைன் போர்டுல டுவாலட்டின் எந்திரிக்காது, ரெண்டும் அழகா உள்ள உக்காந்துக்கும். அசூஸ்லயே சியூஎஸ்எல்2ன்னு ஒரு 815 போர்டு, டியூஎஸ்எல்2-சின்னு இன்னொண்ணு, முதலாவது டுவாலட்டின எடுக்காது, ரெண்டாவது எடுக்கும், ஏன்னா அதுல இருக்கறது 815 சிப்செட்டோட பி-ஸ்டெப், அதாவது பிந்தின பதிப்பு. வியா சிப்செட்னா 694டி, அந்த டி இருக்கணும். பின்ன வளைச்சு, ஒயர் சுத்தி, ஒட்டுப் போட்டு டுவாலட்டின ஓட்டற வித்தையெல்லாம் இருக்கு, சால்டரிங்ல கை பழகினவங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு, மத்தவங்க அந்தக் காசுல டுவாலட்டின் எடுக்கற போர்டே தேடலாம்னு தான் நான் சொல்வேன்.

வாங்கறதுக்கு முன்னாடி ஃபோட்டோவ பெருசாக்கி லேபிள படிங்க. காப்பர்மைன் மேல 1000/256/133/1.75வி மாதிரி நாலு விஷயம் வரிசையா எழுதியிருக்கும்: மெகாஹெர்ட்ஸ், எல்2 கேஷ் (ப்ராசசரோட சொந்த வேக மெமரி) கிலோபைட்ல, பஸ் ஸ்பீடு, வோல்டேஜ். உங்க மூணு கேள்வியில ரெண்டுக்கு பதில் அங்கயே இருக்கு. கூடவே எஸ்எல்னு ஆரம்பிக்கற அஞ்செழுத்து கோடு இருக்கும், அத தேடினா மிச்சம் எல்லாம் வந்துடும். "பென்டியம் த்ரீ 600, வர்க்கிங்"னு மட்டும் போட்டு லேபிள் தெரியாத ஃபோட்டோ வெச்சிருந்தா அத தாண்டிப் போயிடுங்க. அந்தக் காலத்துலயே ஸ்பீடு நம்பர அழிச்சு கூட்டி எழுதி வித்த கும்பல் இருந்துச்சு, கோடு தான் நம்பிக்கை.

கண்டிப்பா ஒத்துக்காத ரெண்டு: ஏஎம்டி அத்லானோட ஸ்லாட் ஏ கனெக்டர் ஸ்லாட் 1 மாதிரியே தான், திருப்பி வெச்சிருப்பாங்க, அத இதுல போடக்கூடாது. ஜியான் கார்ட்ரிட்ஜ் ஸ்லாட் 2, அது அகலம், சேராது.

ஓடுது, ஆனா ஸ்பீடு கம்மியா காட்டுது

1 கிகாஹெர்ட்ஸ்னு வாங்கினது 750 காட்டுதா? ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்காதீங்க. இந்த ப்ராசசர்கள்ல மல்டிப்ளையர், அதாவது பஸ் ஸ்பீட எத்தனையால பெருக்கணும்ங்கற எண், உள்ளயே பூட்டியிருக்கும். உங்களோடது 7.5 பெருக்கல் 133 வகை. போர்டு 100 பஸ் தான் குடுத்தா 750, 440எல்எக்ஸ் மாதிரி 66 தான் தெரிஞ்ச போர்டுல அதே ப்ராசசர் 500. ரெண்டாவது கேள்விக்கு போர்டு இல்லன்னு சொல்லிடுச்சு, அவ்வளவு தான். முதல்ல ஜம்பர், இல்ல பயாஸ் செட்டிங்ல பஸ் ஸ்பீடு கம்மியா வெச்சிருக்கான்னு பாருங்க, சிமாஸ் பேட்டரி செத்துப் போய் டீஃபால்ட்டுக்கு போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

அதனால போர்டோட பஸ்ஸ வெச்சு தான் ப்ராசசர் தேடணும், கிகாஹெர்ட்ஸ வெச்சு இல்ல. 440பிஎக்ஸ்சும் சாதா 810ம் 100 வரைக்கும், அதுக்கு பென்டியம் த்ரீ 850 (8.5 பெருக்கல் 100) நல்ல தேர்வு, 100 பஸ்ஸுல வந்த காப்பர்மைன் செலிரான் 1100 (11 பெருக்கல் 100) கூட ஓகே. 810ஈ, 815 ரெண்டும் 133 குடுக்கும். 66 மட்டும் தெரிஞ்ச எல்எக்ஸ் போர்டுக்கு மேல சொன்ன வோல்டேஜ் தடை இல்லன்னா செலிரான் 766 (11.5 பெருக்கல் 66), தடை இருந்தா மென்டொசினோ செலிரான் 533 வரைக்கும்.

பிஎக்ஸ் போர்டுல 133 வெச்சு ஓட்டறவங்க நெறைய பேர், பிஎக்ஸ் தாங்கும், ஆனா அதுல ஏஜிபிக்கு (கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்கு) பஸ் ஸ்பீட மூணுல ரெண்டு பங்குக்கு மேல பிரிக்க வழி இல்ல, அதனால 66ல ஓட வேண்டிய ஏஜிபி ஸ்லாட் 89ல ஓடும். சில கிராஃபிக்ஸ் கார்டு தாங்கும், சிலது கோடு கோடா காட்டிட்டு ஹேங் ஆகும். அப்படி ஆனா ப்ராசசர சந்தேகப்படாதீங்க.

இன்னொரு குழப்பம் 600. வெறும் 600னா காட்மை, 100 பஸ். 600பின்னா காட்மை, 133. 600ஈன்னா காப்பர்மைன், 100. 600ஈபின்னா காப்பர்மைன், 133. ஒரே ஸ்பீடு, நாலு ப்ராசசர், உங்க போர்டுக்கு இதுல ஒண்ணு மட்டும் சரியா இருக்கலாம். விக்கறவர் "எல்லாம் ஒண்ணு தாங்க"ம்பார்.

ஓடுது, ஸ்பீடும் சரியா காட்டுது, ஆனா ரொம்ப மந்தம், இல்ல பேர் தப்பா வருது

இது மூணாவது கேள்வி, பயாஸ். காப்பர்மைன் வர்றதுக்கு முன்னாடி எழுதின பயாஸ் அத "பென்டியம் டூ"ன்னோ என்னவோன்னோ காட்டலாம், பேர் தப்பா வர்றதால ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா சில பயாஸ் அந்த ப்ராசசரோட எல்2 கேஷ ஆன் பண்ணாமயே விட்டுடும், அப்போ விண்டோஸ் 98 வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். மெம்டெஸ்ட்86 ஃப்ளாப்பியில போட்டு ஓட்டுங்க, மேல ஓரத்துல எல்1, எல்2 அளவும் வேகமும் காட்டும், எல்2 வரி காணோம்னா மாட்டிக்கிச்சு. விண்டோஸ் ஓடுதுன்னா சிபியூ-இசட் வின்டேஜ் எடிஷன் போதும்.

மைக்ரோகோட் (பயாஸ் ப்ராசசருக்கு ஏத்தற திருத்தம்) இல்லன்னு ஆரம்பத்துல மெசேஜ் வந்தாலும் மருந்து ஒண்ணு தான், அந்த போர்டுக்கு வந்த கடைசி பயாஸ். ஃப்ளாஷ் பண்ணும்போது பழைய ப்ராசசர் மாட்டியிருக்கட்டும், பழைய பயாஸ ஃப்ளாப்பில சேவ் பண்ணிக்கோங்க, யூபிஎஸ் இல்லாம பண்ணாதீங்க. போர்டு ரிவிஷனுக்கு சம்பந்தமில்லாத ஃபைல ஏத்தினா மெஷின் எந்திரிக்காது, அப்புறம் சிப்ப கழட்டி ப்ரோக்ராமர்ல போடணும். காம்பாக், ஐபிஎம் மாதிரி பிராண்டட் மெஷின்கள்ல அவங்களோட பயாஸ் மட்டும் தான், அவங்க சப்போர்ட் பட்டியல்ல இல்லாத ப்ராசசர் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க.

கொஞ்ச நேரம் ஓடி ஹேங் ஆகுது, இல்ல தானா ரீஸ்டார்ட் ஆகுது

மூணு கேள்விக்கும் ஆமா வந்தாச்சு, இப்போ பிரச்சனை சூடும் கரண்டும்.

சாக்கெட் 370 ஹீட்சிங்க் அடியில ஒரு பக்கம் படி மாதிரி வெட்டியிருக்கும், அந்தப் பக்கம் தான் சாக்கெட்டோட மேடான பக்கம் வரணும். திருப்பி மாட்டினா ஹீட்சிங்க் சாஞ்சு நிக்கும், ப்ராசசர் மேல படவே படாது. காப்பர்மைன்ல சிலிக்கான் மூடி இல்லாம வெளியில தெரியும், கிளிப்ப ஸ்க்ரூடிரைவர் வெச்சு அழுத்தும்போது சாஞ்சா மூலை உடையும், அதோட அது சாவிக்கொத்துல மாட்டத் தான் ஆகும். வாங்கும்போதே நாலு மூலையும் தெரியற மாதிரி ஃபோட்டோ கேளுங்க. பழைய தெர்மல் பேட் கல்லு மாதிரி காஞ்சிருக்கும், சொரண்டி எடுத்துட்டு பேஸ்ட் போடுங்க.

அப்புறம் எஸ்எம்பிஎஸ். இந்தக் காலத்து போர்டுகள் ப்ராசசருக்கு வேண்டிய கரண்ட 5 வோல்ட் லைன்லேர்ந்து எடுக்கும். இப்போ வர்ற எஸ்எம்பிஎஸ் எல்லாம் 12 வோல்ட்டுக்கு தான் பலம், 450 வாட்னு பெருசா போட்டிருந்தாலும் 5 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு லேபிள்ல பாருங்க, 20க்கு மேல இருந்தா நிம்மதி. புது ப்ராசசர் பழசவிட கூட இழுக்கும், ஓஞ்சு போன கெப்பாசிட்டர் அப்போ தான் காட்டிக்குடுக்கும், கேம் ஆரம்பிச்சதும் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா அங்க போய் பாருங்க.

சாக்கெட் 7 வெச்சிருக்கறவங்களுக்கு

இங்க ப்ராசசர் வோல்டேஜ் கேக்காது, நீங்க ஜம்பர்ல வெச்சது தான் போகும். அதனால மேல சொன்ன மாதிரி சும்மா கறுப்பு ஸ்க்ரீனோட தப்பிக்க முடியாது, கூட வெச்சா எரிஞ்சே போயிடும். பழைய பென்டியம் 3.3 ஒரே வோல்டேஜ், 1997 ஜனவரில வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் கோருக்கு (கணக்கு போடற உள் பகுதிக்கு) 2.8, ஏஎம்டி கே6 166, 200 ரெண்டுக்கும் 2.9, கே6 233க்கு 3.2, கே6-2 பெரும்பாலும் 2.2. ஏஎம்டி சிப் மேலயே கோர் வோல்டேஜ் அச்சடிச்சிருக்கும், அத நம்புங்க. போர்டுல கோருக்கும் ஐஓவுக்கும் (வெளியில பேசற பகுதிக்கும்) தனித்தனி வோல்டேஜ் இல்லன்னா எம்எம்எக்ஸ் வேண்டவே வேண்டாம்.

போர்டுல 3.5 மல்டிப்ளையர் ஜம்பர் இல்லையேன்னு எம்எம்எக்ஸ் 233 வாங்காம விடாதீங்க, 1.5ல வெச்சா அது 3.5ன்னு எடுத்துக்கும். கே6-2 400 அதே மாதிரி 2ஐ 6ன்னு எடுத்துக்கும், அப்போ 66 பஸ்ஸுலயே 400 வந்துடும். இன்டெல் 430டிஎக்ஸ் போர்டுல ரேம 64 எம்பிக்கு மேல போட்டதுலேர்ந்து மெஷின் மந்தமாயிட்டா அது ப்ராசசர் குத்தம் இல்ல, அந்த சிப்செட் 64 எம்பிக்கு மேல கேஷ் பண்ணாது.

கே6-2 350 இல்ல அதுக்கு மேல போட்டதும் விண்டோஸ் 95 ஆரம்பத்துலயே "விண்டோஸ் ப்ரொடெக்ஷன் எரர்"னு நின்னா ப்ராசசர கழட்டாதீங்க. விண்டோஸ் 95ல நேரத்தை அளக்கற ஒரு லூப் இவ்வளவு வேகத்த எதிர்பாக்கல, கணக்கு சைபரால வகுக்கப் போய் விழுந்துடுது. மைக்ரோசாஃப்ட் இதுக்கு ஏஎம்டிகே6யுபிடின்னு ஒரு பேட்ச் விட்டாங்க. மல்டிப்ளையர் ஜம்பர எறக்கி 300ல பூட் பண்ணுங்க, பேட்ச ஓட்டுங்க, ஷட்டவுன் பண்ணிட்டு ஜம்பர பழைய இடத்துக்கே கொண்டு போங்க. விண்டோஸ் 98ன்னா இந்த வேலையே வேண்டாம்.